ஓட்டுப் போட்ட பிறகு ஐந்து நாள்

(கோலசிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)

தலைவர் அவர்களே, கிளைக் காரியதரிசிகளே, பால்மரம் வெட்டும் தோழர்களே, சகோதரிகளே, கணக்கப்பிள்ளைமார்களே, கிராணிமார்களே!



இன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'பார்லிமெண்டுத் தேர்தலும் கூட்டு மந்திரி சபையும்' என்பது. இந்தத் தலைப்பைச் செயற்குழு தேர்ந்தெடுக்கவில்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டும் அக்கா ஒருவர்தான் இதற்குக் காரணம். சந்தா வாங்கப் போனபோது, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "ஏங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எலெக்ஷன்ல ரெண்டு பேரும் அப்படித் திட்டிக்கிட்டாங்க. எங்க வீட்டுல அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ஒரு மாசம் பேச்சு வார்த்தை இல்ல. அஞ்சே நாள்ல மேல உள்ளவங்க கை குலுக்கிட்டாங்க. அப்ப நான் போட்ட ஓட்டு எங்க போச்சு?"

சந்தா வாங்கப் போனவர் பதில் தெரியாமல் ரசீதை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவர் செயற்குழுவில் ஒருவர். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எங்கள் எல்லோருக்கும் ஏற்பட்டுவிட்டது.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. இந்த மேடைக்குக் கட்சிச் சாயம் இல்லை. இங்கே எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரைப் பற்றி நாங்கள் பேசினாலும் நடந்ததைத்தான் சொல்கிறோம்.

நம்முடைய தொகுதியிலிருந்தே ஆரம்பிப்போம். 2022 நவம்பர் 19, சனிக்கிழமை. பதினைந்தாவது பொதுத் தேர்தல். கோலசிலாங்கூர் தொகுதியில் பல பேர் நின்றாலும் போட்டி மூன்று பேருக்குள்தான். பக்காத்தான் ஹராப்பான் சார்பில் டாக்டர் சுல்கிப்ளி அகமட். பாரிசான் நேஷனல் சார்பில், அப்போது நிதி மந்திரியாக இருந்த தெங்கு சப்ருல். மூன்றாவது அணியாகிய பெரிக்காத்தான் நேஷனலின் அபேட்சகர். முடிவு என்ன? மூன்று பேருக்கும் ஏறத்தாழ முப்பது முப்பதாயிரம் ஓட்டு! டாக்டர் சுல்கிப்ளி 1,002 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆயிரத்து இரண்டு என்றால் எவ்வளவு? நான்கைந்து பெரிய தோட்டங்களின் லயத்து ஜனங்களைக் கூட்டினால் அவ்வளவுதான். ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குபேர் ஜெயித்தவருக்குப் போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. நம் தொகுதியில் தோற்றுப்போன தெங்கு சப்ருல் செனட்டராக நியமிக்கப்பட்டு, 2022 டிசம்பரிலேயே வாணிப மந்திரியாகிவிட்டார். ஜெயித்த டாக்டர் சுல்கிப்ளி மந்திரியாவதற்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில்தான் அவருக்குச் சுகாதார இலாகா கிடைத்தது. தோற்றவர் முந்தி, ஜெயித்தவர் பிந்தி! இருவரும் ஒரே மந்திரி சபை மேசையில். பிற்பாடு, 2025 இல், தெங்கு சப்ருல் அம்னோவை விட்டுப் பிரதமருடைய கட்சியிலேயே சேர்வதாக அறிவித்தார். தேர்தலின்போது டீக்கடையில் இவருக்காக அவரையும், அவருக்காக இவரையும் வைதுகொண்டிருந்த நம் பையன்களை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா?

இதில் சட்ட மீறல் ஒன்றுமில்லை. இதைக் கேட்டு ஆத்திரப்படுவதற்கு முன்னால், ஏன் இப்படி நடந்தது என்று பார்ப்போம்.

நமது பார்லிமெண்டின் கீழ்ச் சபைக்கு 222 ஸ்தானங்கள். ஆட்சி அமைக்க 112 பேருடைய ஆதரவு வேண்டும். அந்தத் தேர்தலில் யாருக்கு எவ்வளவு? பக்காத்தான் ஹராப்பானுக்கு, அதனுடன் நின்ற மூடா கட்சியின் ஒன்றையும் சேர்த்து 82. பெரிக்காத்தானுக்கு 73. அறுபது ஆண்டுக்கு மேல் நாட்டை ஆண்ட பாரிசானுக்கு வெறும் 30. சரவாக்கின் ஜி.பி.எஸ். கூட்டணிக்கு 23. சபாவின் ஜி.ஆர்.எஸ். கூட்டணிக்கு 6, வாரிசானுக்கு 3. மிச்சம் சில்லறை. கெடாவில் பாடாங் செராய் தொகுதியில் அபேட்சகர் எம். கருப்பையா தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு காலமானதால், அங்கே டிசம்பரில் ஓட்டெடுப்பு நடந்து அது பெரிக்காத்தானுக்குப் போயிற்று. எப்படிக் கூட்டினாலும் தனியாக 112 யாருக்கும் இல்லை. சுதந்திரம் பெற்ற நாள் முதல் ஒரு பொதுத் தேர்தலுக்குப் பிறகு இப்படி நேர்ந்தது அதுதான் முதல் தடவை.

தோட்டத்து ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பெரட்டுக்கு ஆள் வந்துவிட்டது, ஆனால் எந்தக் கங்காணியின் கீழும் நிரை முழுவதையும் வெட்டி முடிக்க ஆள் போதவில்லை. மழை வரப்போகிறது. இரண்டு கங்காணிகள் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். ஆனால் அந்த இரண்டு கங்காணிகளும் நேற்று வரை ஜன்மப் பகை!

அப்போது என்ன நடந்தது? தேர்தல் இரவிலேயே இரண்டு தலைவர்கள் 'எனக்குப் பெரும்பான்மை இருக்கிறது' என்றார்கள். ஒருவர் அன்வார் இப்ராஹிம், மற்றவர் முகைதீன் யாசின். நமது அரசியல் சாசனத்தின் 43 ஆம் பிரிவின்படி, சபையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தமக்குத் தோன்றுகிறவரை மாட்சிமை தங்கிய பேரரசர் பிரதம மந்திரியாக நியமிக்கிறார். அதிக ஸ்தானம் பிடித்த கட்சிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. இதை நம்மில் பல பேர் அன்று வரை அறியோம். பேரரசர் 21 ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குள் பெயரும் ஆதரவும் தரும்படி கட்சிகளுக்குக் கெடு வைத்தார். கெடு ஒரு நாள் நீண்டது. பாரிசான் 22 ஆம் தேதி, 'நாங்கள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை' என்றது. அன்று மாலை பேரரசர் இரு தலைவர்களையும் அழைத்து, எல்லோரும் சேர்ந்து ஓர் ஒற்றுமை அரசாங்கம் அமைக்கக் கூடாதா என்று கேட்டார். முகைதீன் தரப்பு இணங்கவில்லை. 24 ஆம் தேதி மலாய் ஆட்சியாளர்கள் கூடினார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு அன்வார் இப்ராஹிம் நாட்டின் பத்தாவது பிரதம மந்திரியாக இஸ்தானா நெகாராவில் பதவிப் பிரமாணம் செய்தார். அவருக்கு ஆதரவாகப் பாரிசானும் சரவாக், சபாக் கட்சிகளும் வந்து சேர்ந்தன.

பத்தொன்பதிலிருந்து இருபத்து நாலு வரை ஐந்து நாள். இந்த ஐந்து நாளில்தான், தோழர்களே, உண்மையான பேரம் நடந்தது. அந்த ஐந்து நாளும் நாம் எங்கே இருந்தோம்? அதைப் பிறகு சொல்கிறோம்; நமக்கே வெட்கமான சங்கதி அது.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். பகையாளிகள் சேர்ந்தது துரோகமா?

எங்கள் பதில்: சேர்வது துரோகமாகாது. நம் சங்கமே அப்படிப் பிறந்ததுதானே! 1954 இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எப்படி உண்டாயிற்று? தனித்தனியாக இயங்கிவந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து உண்டாயிற்று. அந்தச் சங்கங்களின் தலைவர்களுக்குள் மனத்தாங்கல் இல்லாமலா இருந்திருக்கும்? முதலாளிமார் ஒரே சங்கமாக உட்கார்ந்து பேசும்போது, தொழிலாளி ஐந்து சங்கமாக நின்றால் ஆறு காசுகூடக் கிடைக்காது என்று தெரிந்தபடியால் சேர்ந்தார்கள்.

நாட்டின் அரசியலிலும் கூட்டு என்பது புதிதன்று. 1955 ஜூலை 27 ஆம் தேதி நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்து 'அலையன்ஸ்' என்ற பெயரில் நின்று, 52 ஸ்தானங்களில் 51 ஐப் பிடித்தன. அது கூட்டுத்தான். ஆனால் அது ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் ஏற்பட்ட கூட்டு. யார் யாருடன், எத்தனை ஸ்தானம், எல்லாம் ஜனங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அம்னோவுக்கு 35, ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2 என்று பங்கு பிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். 2022 இல் நடந்ததோ ஓட்டுப் பெட்டிக்குப் பின்னால் ஏற்பட்ட கூட்டு. இந்த வேற்றுமையை மனத்தில் வையுங்கள். முன்னால் ஏற்படும் கூட்டில், நாம் ஓட்டுப் போடும்போதே நிபந்தனையைப் பார்த்துப் போடலாம். பின்னால் ஏற்படும் கூட்டில் நிபந்தனை எழுதப்படும்போது நம் ஓட்டு பெட்டிக்குள் போய் முத்திரையும் வைத்தாகிவிட்டது.

1955 ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று ஓட்டர்களில் நூற்றுக்கு எண்பத்து நாலு பேர் மலாய்க்காரர், பதினொரு பேர் சீனர். இந்தியர் ஐந்து பேர்கூட இல்லை. நம் பாட்டனும் பாட்டியும் லட்சக்கணக்கில் தோட்டங்களில் இருந்தார்களே, ஏன்? பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை இல்லை. பால் வெட்டலாம், ஓட்டுப் போட முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகும் மனுப் போடாமலும், மனு எழுதிக்கொடுக்க ஆள் கிடைக்காமலும் எத்தனையோ பேர் விட்டுவிட்டார்கள். 1960களின் கடைசியில் பிரஜையல்லாதாருக்கு வேலைப் பத்திரம் வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, அந்தக் காகிதம் இல்லாத குற்றத்துக்காகப் பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் சிலர் துறைமுகத்தில் போய் வழியனுப்பியவர்கள். ஆகவே ஓட்டை ஏளனமாகப் பேசாதீர்கள். 'போட்டு என்ன பிரயோசனம்' என்று சொல்லும் பையனிடம், இல்லாதவன் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்.

இன்று நிலைமை வேறு. 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதான பிரஜை ஒவ்வொருவருடைய பெயரும் தானாகவே ஓட்டர் பட்டியலில் ஏறிவிடுகிறது. 2022 தேர்தலில் ஓட்டர் தொகை இரண்டு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல்.

அந்தப் பதினெட்டு வயது ஓட்டு முறையாக அமலுக்கு வந்த கதைதான் இன்றைய பேச்சின் நடுமரம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2018 தேர்தலில் உண்டான பார்லிமெண்டு ஒரே காலக்கட்டத்தில் மூன்று பிரதமர்களைக் கண்டது: மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி. 2020 பிப்ரவரியில் அங்கத்தினர்கள் கட்சி மாறி ஓர் ஆட்சியையே கவிழ்த்தார்கள். 2021 இல் இஸ்மாயில் சப்ரி பிரதமரானபோது அவருக்கு இருந்த பெரும்பான்மை மெல்லியது. எதிர்க்கட்சியாயிருந்த பக்காத்தான் என்ன செய்தது? கவிழ்ப்பதாகக் கூச்சலிட்டுக் கொண்டிருக்கவில்லை. 2021 செப்டம்பர் 13 ஆம் தேதி சர்க்காரோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 'நாங்கள் உங்களை உடனே கவிழ்க்க முனையமாட்டோம். நீங்கள் இன்ன இன்ன காரியம் செய்ய வேண்டும்' என்று காகிதத்தில். அந்தக் காகிதத்தில் பதினெட்டு வயது ஓட்டு இருந்தது. அந்த வருஷமே அமலுக்கு வந்தது. கட்சி மாறுகிறவர் ஸ்தானத்தை இழக்க வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 2022 அக்டோபர் 5 ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதே கட்சிமாறல் தடைச் சட்டம் பின்னால் வந்த கூட்டு மந்திரி சபைக்கே ஒரு தூணாகிவிட்டது.

எதிர்க்கட்சியாக இருந்துகொண்டே, ஒரு மந்திரி பதவியும் இல்லாமல், இரண்டு பெரிய காரியங்களை வாங்கினார்கள் என்றால் எப்படி? காகிதம். கையெழுத்து. தேதி.

இது நமக்குப் புதிய வித்தையா? தோட்ட முதலாளிகள் சங்கமாகிய மாப்பாவோடு நம் சங்கம் செய்துவந்த கூட்டு ஒப்பந்தங்கள் வேறென்ன? துரை நல்லவர், துரை கெட்டவர் என்ற பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும்; ஒப்பந்தத்தில் இருந்தால் புது துரை வந்தாலும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் நல்ல துரை மாற்றலாகிப் போன மறுநாளே போயிற்று. இது நமக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். ஆனால் தேர்தல் என்று வந்தால் மட்டும் மறந்துபோகிறோம்!

2022 இல் மந்திரி சபை அமைந்த பிறகும் டிசம்பர் 16 ஆம் தேதி கூட்டுக் கட்சிகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மூன்று நாள் கழித்துப் பார்லிமெண்டு கூடியதும் பிரதமர் மீது நம்பிக்கைத் தீர்மானம் நிறைவேறியது. யார் யார் என்ன பெற்றார்கள் பாருங்கள். முப்பது ஸ்தானம் வைத்திருந்த பாரிசானின் தலைவர் துணைப் பிரதமரானார். இருபத்து மூன்று ஸ்தானம் வைத்திருந்த சரவாக் கூட்டணியின் ஃபடில்லா யூசோப் இன்னொரு துணைப் பிரதமரானார். போர்னியோவிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர்தான். 1963 மலேசிய ஒப்பந்தம் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த விஷயம் அந்த உடன்படிக்கையில் ஏறியது. இருபத்து மூன்று பேர்! ஆனால் ஒரே கூரையின் கீழ் எண்ணப்பட்ட இருபத்து மூன்று பேர்.

இனி நம்மை எண்ணிப் பாருங்கள். வட சிலாங்கூரில் ஐந்து பார்லிமெண்டுத் தொகுதிகள்: சபாக் பெர்ணம், சுங்கை புசார், உலு சிலாங்கூர், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர். தோட்டத்து ஓட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. எதிலும் பெரும்பான்மை இல்லை. 2022 இல் கோலசிலாங்கூர் ஒன்றைத் தவிர மற்ற நாலிலும் பெரிக்காத்தான் ஜெயித்தது. உலு சிலாங்கூரைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே பக்காத்தானும் தமிழரை நிறுத்தியது, பாரிசானும் தமிழரை நிறுத்தியது. இரண்டு பேரும் தோற்றார்கள். இரண்டு பேருடைய ஓட்டையும் கூட்டினால் ஜெயித்தவருடைய ஓட்டைவிட அதிகம். ஐந்தே நாளில் அந்த இரண்டு பேருடைய தலைவர்களும் ஒரே அரசாங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். நம் லயங்களில் இவருக்காகவும் அவருக்காகவும் பிரிந்து நின்று கொடி கட்டியவர்கள் வீணில் பிரிந்து நின்றார்கள்.

உலு சிலாங்கூருக்கு இது முதல் பாடமும் அன்று. 2010 ஏப்ரலில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. அதற்கும் முன்பு, 2007 ஏப்ரலில், நம் கோலசிலாங்கூரைச் சேர்ந்த ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. தார் ரோடு எவ்வளவு விரைவில் போடலாம் என்பதை அந்த இரண்டு வாரத்தில்தான் இந்த வட்டாரம் கண்டது! 2024 மே மாதம் கோல குபு பாருவிலும் அதே திருவிழா. அங்கே ஓட்டர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக இந்தியர். அந்த இரண்டு வாரமும் எல்லாக் கட்சிக்காரருக்கும் நம் கோயில் வாசல் தெரிந்திருந்தது. தேர்தல் முடிந்த மறுநாள் கூடாரம் பிரித்த இடத்தில் தோரணக் கயிறுதான் மிச்சம்.

'கூட்டு மந்திரி சபையால் நமக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா?' என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. அதற்கு முன்னால் 1,500. லயத்தில் நமக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேச, நேபாளத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். அவருக்கு இங்கே ஓட்டு இல்லை. 1955 இல் நம் பாட்டனுக்கு இல்லாதது போலவே! அவரை மட்டமாகப் பேசுகிற பழக்கம் நம்மவரில் சிலருக்கு வந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

வேலைச் சட்டத் திருத்தமும் 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. வாரத்துக்கு 45 மணி நேர வேலை, பிரசவ விடுமுறை 98 நாள், தகப்பனுக்கு ஏழு நாள். இதிலே ஒரு நுட்பம் உண்டு. அந்தத் திருத்தத்தை நிறைவேற்றியது இஸ்மாயில் சப்ரி ஆட்சியில் இருந்த பார்லிமெண்டு. அமலுக்கு வந்தது அன்வார் ஆட்சியில். ஆள் மாறினார், கட்சி மாறிற்று, சட்டம் நின்றது. காரணம் அது எழுத்தில் இருந்தது.

வீட்டு விஷயம் சொல்லாமல் தீராது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டங்கள். தோட்டம் கை மாறி, வேலை போய், ஜனங்கள் பழைய லயத்திலேயே பல்லாண்டு வீட்டுக்காகக் காத்துக் கிடந்தார்கள். எத்தனை தேர்தல், எத்தனை வாக்குறுதி! ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். ஐந்து தோட்டமும் ஒரே குழுவாகச் சேர்ந்து, பெயர்ப்பட்டியல் போட்டு, ஆட்சி மாறும்போதெல்லாம் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு போய் நின்றார்கள். கூட்டு மந்திரி சபை வந்த பிறகு மத்திய சர்க்காரும் சிலாங்கூர் மாநில சர்க்காரும் சேர்ந்து பணம் போட்டு வீடு கட்டித் தருவதென்று முடிவாயிற்று. சாவி கையில் வாங்காமலே கண்ணை மூடிய கிழவர்கள் எத்தனை பேரோ! அது வேறு கணக்கு. ஆனால் பட்டியல் இல்லாத தோட்டங்களில் இன்றும் பட்டியல் இல்லை, வீடும் இல்லை.

இப்போது நம் வெட்கக் கதை.

2022 தேர்தலில் எங்கள் செயற்குழு என்ன செய்தது? 'எல்லோரும் தவறாமல் ஓட்டுப் போடுங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டினோம். வயதானவர்களை ஏற்றிப் போக வண்டி பிடித்தோம். அபேட்சகர்கள் வந்தார்கள், மாலை போட்டோம், படம் பிடித்தோம். ஓர் அபேட்சகரிடம் எங்கள் குறைகளை எழுதிக் கையில் கொடுத்தோம். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'கண்டிப்பாகக் கவனிக்கிறேன்' என்றார். எங்களுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஓட்டுப் போட்டோம். இருபதாம் தேதியிலிருந்து இருபத்து நாலு வரை கோயில் மண்டபத்தில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து, யார் பிரதமர் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தோம். நாடு முழுவதும் கட்சித் தலைவர்கள் ஒவ்வொரு ஸ்தானத்தையும் நிறுத்துப் பார்த்து நிபந்தனை பேசிய அந்த ஐந்து நாளில், தோட்டத் தொழிலாளி சார்பில் எங்கள் வட்டாரத்திலிருந்து ஒரு கடிதம், ஒரு தந்தி, ஒரு டெலிபோன்கூடப் போகவில்லை!

ஆறேழு மாதம் கழித்துச் செயற்குழுவில் இந்தப் பேச்சு வந்தபோது, ஓய்வு பெற்ற கிராணியார் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அபேட்சகரிடம் கொடுத்த கடிதத்துக்கு நகல் இருக்கிறதா?"

ஒருவரும் பேசவில்லை.

"தேதி?"

இல்லை.

"என்ன கேட்டோம் என்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?"

ஒருவர் வீடு என்றார், ஒருவர் தமிழ்ப் பள்ளிக்கு வேலி என்றார், ஒருவர் சுடுகாட்டுப் பாதை என்றார். கிராணியார் சொன்னார்: "முப்பத்தைந்து வருஷம் செக்ரோல் எழுதினேன். ஒரு ராத்தல் ஒட்டுப்பால் குறைந்தால் புத்தகத்தைக் காட்டி வாதாடினீர்களே ஐயா! ஐந்து வருஷத்து ஆட்சியை வாய் வார்த்தையிலேயே விட்டுவிட்டீர்களே!"

அந்த அபேட்சகரைக் குறை சொல்லி என்ன பயன்? நகல் வைத்துக்கொள்ளாதவர்கள் நாங்கள்.

ஆகவே, கேள்வி கேட்ட அக்காவுக்கு எங்கள் பதில் இது. "அக்கா, உங்கள் ஓட்டு எங்கும் போகவில்லை. அது ஓர் ஆளைப் பேச்சு மேசைக்கு அனுப்பி வைத்தது. அந்த மேசையில் அவர் யாரோடு கை குலுக்கினார் என்பதற்காக உங்கள் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. மேசைக்குப் போனவருடைய கையில் நம்முடைய காகிதம் இல்லாமல் போனதுதான் குறை. அந்தக் குறை சங்கத்துடையது."

அடுத்த தேர்தலிலும் ஒரு கட்சி தனியாக 112 பிடித்துவிடும் என்று யாராவது உறுதி சொல்ல முடியுமா? 2022 டிசம்பர் 19 ஆம் தேதி முதன்முதலாகக் கூடிய பார்லிமெண்டின் ஆயுள் ஐந்து வருஷம். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம். கலைந்தால் அறுபது நாளுக்குள் தேர்தல். அப்போது போய்க் கிராணியாரைத் தேடி மனு எழுதச் சொன்னால் நேரம் போதாது.

செயற்குழு ஒரு யோசனை வைத்திருக்கிறது. ஒரே ஒரு தாள். மலாயிலும் தமிழிலும். அதிகமாக எழுதினால் படிக்கமாட்டார்கள், நாலு சங்கதிதான். வேலையிலிருந்து ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்கு வீடு, தோட்டம் விற்கப்பட்டாலும் வெளியேற்றுமுன் வீடு என்ற சட்டப் பாதுகாப்பு முதலாவது. பாலின் விலை விழுந்தாலும் மழை பெய்தாலும் மாதச் சம்பளம் குறையாத ஏற்பாடு இரண்டாவது. மூன்றாவதும் நாலாவதும் கிளைகள் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரி வண்டியா, உங்கள் இஷ்டம். ஆனால் ஐந்து தொகுதியிலும் ஒரே தாள். கோலசிலாங்கூருக்கு ஒன்று, சபாக் பெர்ணத்துக்கு வேறொன்று என்று எழுதினால் பழையபடி சிதறிப்போவோம்.

இந்தத் தாளை எந்தக் கட்சி என்று பாராமல் எல்லா அபேட்சகருக்கும் கொடுப்பது. தாளின் அடியில் மூன்று கட்டம்: சம்மதம், சம்மதமில்லை, பதில் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் போடட்டும். போடாதவரை வைய வேண்டாம், கறுப்புக் கொடி வேண்டாம். அவர் போடவில்லை என்று மினிட் புத்தகத்தில் எழுதி, பெரட்டுக் களத்தில் ஒட்டுவோம். ஓட்டு யாருக்கு என்பது உங்கள் உங்கள் மனச்சாட்சி. சங்கம் அதில் தலையிடாது.

ஓட்டு எண்ணி முடிந்த இரவே, தனிப் பெரும்பான்மை யாருக்கும் இல்லை என்று தெரிந்தால், அதே தாள், அதே கையெழுத்துகளோடு, ஒவ்வொரு கட்சித் தலைமையகத்துக்கும் போக வேண்டும். ஐந்து நாள் காத்திருக்கக் கூடாது.

'இத்தனை சின்னக் கூட்டம் கேட்டால் பெரிய தலைவர்கள் காதில் விழுமா?' என்று தஞ்சோங் காராங் கிளையைச் சேர்ந்த தம்பி ஒருவர் சற்று முன் கேட்டார். விழாமலும் போகலாம், தம்பி. ஆனால் நம் தொகுதியில் வித்தியாசம் 1,002. தோட்டங்கள் செம்பனையாக மாறி, பால்மரம் குறைந்து, நம் ஜனங்களில் பாதிப்பேர் தாமானுக்குக் குடிபோய்விட்டார்கள் என்பதும் உண்மைதான். தாமானுக்குப் போனவர்களின் ஓட்டும் நம்முடையதுதானே? அவர்கள் பெயரையும் எழுதுவோம். அப்பா பால் வெட்டிய புத்தகம் இன்னும் பல வீடுகளில் பெட்டியில் இருக்கிறது.

தாள்கள் அந்தக் கடைசி மேசையில் இருக்கின்றன. கிராணியார் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தடவை இரண்டு நகல் எடுத்த பிறகுதான் தாளைக் கையை விட்டு விடுவேன் என்கிறார். டீ வருவதற்குள் ஒவ்வொரு கிளையும் தன் மூன்றாவது, நாலாவது கோரிக்கையைச் சொல்லி எழுதிக்கொள்ளட்டும். சகோதரிகள் முதலில் போங்கள். உங்களுக்கு வீட்டில் வேலை காத்திருக்கும்.